சிகரமும் செவியும்

இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில் ஏரிகளும் குன்றுகளும் செறிந்த மலைநாடு ஒன்று உண்டு. விடுமுறை நாட்களில் மக்கள் அங்கே திரளாகச் செல்வர். அம்மலைநாட்டில் 950 மீட்டர் உயரமுள்ள ஹெல்வெலின் என்னும் சிகரத்தை அடைந்ததும் சிலர் சுற்றுப்புறக் காட்சியைக் கண்டு களிப்பர். சிலர் படம் பிடிப்பர். சிலர் கட்டுச்சோற்றை அவிழ்ப்பர். இவர்களினின்றும் சற்றே விலகி, காற்றுக்கு மறைவாக ஒரு பாறையின் பின்னே அமரும் ஒருவரையும் நாம் அங்கே காணக்கூடும். அவர் தம் தோட்பையிலிருந்து தூண்டிற்கோல் போன்ற ஒரு கழியை எடுத்து நீட்டுவார். அதன் நுனியில் மெல்லிய கம்பி ஒன்றைக் கட்டி நிறுத்துவார். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி ஒன்றை அக்கம்பியோடு இணைத்துத் தம் அழைப்புக் குறியைக் கூறி, 'யாரேனும் கேட்கிறீர்களா?' என்னும் பொருள்பட அழைப்பார். எங்கோ ஒரு நகரத்தில் தம் வீட்டு அறையில் அமர்ந்திருக்கும் ஒருவர் அதற்கு மறுமொழி கூறுவார். மலைமேல் இருப்பவரின் முகத்தில் மலர்ச்சி தோன்றும்.

இவர் கையாள்வதே அமெச்சூர் வானொலி எனப்படுவது. இச்சொல்லை எப்படித் தமிழாக்குவது என்பது மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு ஒரு சிக்கலே. 'பொழுதுபோக்கு வானொலி' என்றால் பொருள் மெலிகின்றது. 'தொழில்சாரா வானொலி' என்றால் உயிர் போகின்றது. ஊதியம் கருதாது, வாணிகம் கருதாது, விருப்பம் ஒன்றே காரணமாக ஒருவர் தாமே அலைபரப்பித் தாமே கேட்கும் முறை என்று விரித்துரைப்பதே தக்கது. இம்முறையினர் விடுமுறையில் மலையேறி அங்கிருந்து பேசுவது வெறும் விளையாட்டாகத் தோன்றலாம். ஆயினும் இவ்விளையாட்டுக்கு நூறாண்டைக் கடந்த வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றில் பேசியவரின் பெயர் பெரிதாகவும் கேட்டவரின் பெயர் சிறிதாகவுமே எழுதப்பட்டிருக்கின்றது. கேட்டவரையும் உடன் வைத்து அதனை நோக்குவதே நம் கருத்து.

வானொலியின் கதை ஒரு குன்றடியிலேயே தொடங்குகின்றது. 1895 ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் பொலோனா நகருக்கு அருகே தம் தந்தையின் மாளிகையில் இளைஞர் மார்க்கோனி கம்பியில்லாத் தந்தியைச் சோதித்து வந்தார். கண்ணுக்கெட்டும் தொலைவில் இருந்தவரை, குறிகள் வந்து சேர்ந்ததை அவருடைய தமையனார் அல்பான்ஸோ கைக்குட்டையை வீசித் தெரிவிக்க முடிந்தது. குன்றுக்கு அப்பால் சென்றால் யாது செய்வது? கைக்குட்டை தெரியாதே! ஆகவே அல்பான்ஸோ ஒரு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில், செலஸ்தீனி என்னும் குன்றின் மறுபுறத்துக்குக் கருவியோடு சென்றார். மார்க்கோனி இப்பாலிருந்து குறியை அனுப்பினார். குன்றுக்கு அப்பாலிருந்து வேட்டொலி கேட்டது. அலைகள் குன்றைக் கடந்துவிட்டன என்பதற்கு அவ்வேட்டொலியே சான்றாயிற்று. தமையனார் கேட்டிராவிடில், கேட்டதைத் தெரிவித்திராவிடில், மார்க்கோனியின் வெற்றி அவருக்கே தெரியாமல் போயிருக்கும்.

இக்கதையில் தடையாக நின்ற குன்று, ஆறாண்டுகளுக்குப் பின் துணையாக நின்றது. 1901 டிசம்பர் 12 ஆம் நாள், நியூபவுண்ட்லாந்துத் தீவில் செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தை நோக்கியிருக்கும் சிக்னல் ஹில் என்னும் குன்றின்மேல் மார்க்கோனி காத்திருந்தார். பலத்த காற்றில் ஒரு பட்டத்தைப் பறக்கவிட்டு, அதனோடு 150 மீட்டர் அளவிலான கம்பியை உயர்த்தி, அதுவே ஏரியலாக, அட்லாண்டிக் மாகடலுக்கு அப்பால் இங்கிலாந்தின் போல்டு நிலையத்திலிருந்து வரவேண்டிய மூன்று புள்ளிகளுக்காகச் செவி சாய்த்திருந்தார். அவை தம் செவியில் விழுந்ததாகத் தோன்றியதும், கேட்குங்குழலைத் தம் உதவியாளர் கெம்ப்பிடம் தந்து, அவருக்கும் கேட்கின்றதா என வினவினார். இருவர் கேட்டனர், வேறு சான்று இல்லை. ஆகையால் அன்று ஐயுற்றோரும் உண்டு. இன்றளவும் ஐயுறும் ஆராய்ச்சியாளர் உண்டு. 1902 பிப்ரவரியில் பிலடெல்பியா என்னும் கப்பலில் பயணம் செய்தபோது, வந்த குறிகளைத் தாள்நாடாவில் பதியச் செய்த பின்னரே மார்க்கோனியின் கூற்று வலுப்பெற்றது. செவியின் சாட்சிக்கு எவ்வளவு மதிப்பு, அதனை மெய்ப்பிப்பது எவ்வளவு அரிது என்பதனை அக்குன்று உணர்த்திற்று.

பின்னர் வானொலி அரசுகளின் கைக்கும், கப்பல் கம்பெனிகளின் கைக்கும், பெரு நிறுவனங்களின் கைக்கும் சென்றது. அமெச்சூர்கள் இடையூறாகக் கருதப்பட்டனர். 1912 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் இயற்றப்பட்ட சட்டம், 200 மீட்டரும் அதற்குக் குறைந்தனவுமான அலைநீளங்களை மட்டுமே அவர்களுக்கு விட்டுவைத்தது. நெடுந்தொலைவுக்கு நீண்ட அலைகளே ஏற்றவை, குறுகிய அலைகளால் பயனில்லை என்பது அக்காலத்து அறிஞர் கொள்கை. பயனற்ற நிலம் என்று ஒதுக்கித் தரப்பட்ட அவ்விடத்தில் அமெச்சூர்கள் உழுது பார்த்தனர்.

1921 டிசம்பரில் அமெரிக்க அமெச்சூர்கள் ஒரு புதுமை செய்தனர். தம் குரல் அட்லாண்டிக்கைக் கடக்கின்றதா என்று அறிய, பேசுவதில் வல்லவரை அவர்கள் அனுப்பவில்லை. கேட்பதில் வல்லவரான பால் காட்லி என்பவரைக் கப்பலேற்றி அனுப்பினர். ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராஸன் கடற்கரையில், மழையிலும் குளிரிலும் ஒரு கூடாரத்தில் அமர்ந்து அவர் கேட்டார். கனெக்டிகட் மாநிலத்திலிருந்து அமெச்சூர் அன்பர்கள் அனுப்பிய செய்தி அவர் செவிக்கு எட்டியது. 1923 நவம்பரில் பிரான்ஸும் அமெரிக்காவும் இருவழியாகவே உரையாடின. 1924 அக்டோபர் 18 ஆம் நாள், லண்டன் மாநகரைச் சார்ந்த மில் ஹில் பள்ளியில் பயின்ற சிஸில் காய்டர் என்னும் பதினெட்டு வயது மாணவர், நியூஜிலாந்தில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்த பிராங்க் பெல் என்பாரோடு சிற்றலையில் உரையாடினார். இடைத்தொலைவு ஏறத்தாழ 19,000 கிலோமீட்டர்! உலக உருண்டையில் அதனினும் மிகுதியாக விலகியிருத்தல் அரிது.

இம்மாணவரின் பெயரை வெளிமாநிலத் தமிழராகிய நாம் நினைவில் வைக்கக் காரணம் உண்டு. 1936 ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி அப்பெயரைப் பெற்றதே, அவ்வாண்டில் அதன் தலைமைப் பொறியாளராக வந்து பொறுப்பேற்றவர் இதே சிஸில் காய்டர். பரந்த இந்நாட்டை மத்திய அலை நிலையங்களால் மட்டும் நிரப்பப் பொருள் போதாது. சிற்றலையே வழி என்று அவர் திட்டமிட்டார். 1938 ஜூன் 16 ஆம் நாள் சென்னை நிலையம் தொடங்கியபோது மத்திய அலையோடு சிற்றலையும் சேர்ந்தே ஒலித்தது. மத்திய அலையின் எல்லைக்கு அப்பால், டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வேலை நிமித்தம் குடியேறிய தமிழர், இரவில் பெட்டியின் குமிழைத் திருப்பித் திருப்பி, இரைச்சலின் நடுவே நாதஸ்வரத்தையோ செய்தியையோ பிடித்த காலம் ஒன்று இருந்தது. மேலே வானமண்டலத்தில் உள்ள மின்னேறிய அடுக்கில் பட்டுத் திரும்பும் அச்சிற்றலையின் ஆற்றலை, பயனற்றதென விடப்பட்ட அலைகளிலிருந்து கண்டெடுத்து உலகறியச் செய்ததில் அமெச்சூர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஊர்க்குரலை நமக்குக் கொணர்ந்த அக்கொடைக்கு அவர்கள் விலை கேட்டதில்லை.

சிற்றலை அப்படி வளைந்து செல்லுமாயின், அமெச்சூர்கள் மலையேற வேண்டியதேன் என வினவலாம். சிற்றலையினும் குறுகிய அலைகள் உண்டு. பண்பலை ஒலிபரப்பும் தொலைக்காட்சியும் அவ்வகையின. அவை பெரும்பாலும் ஒளியைப்போல் நேர்கோட்டிலேயே செல்வன. பூமியின் வளைவு அவற்றை மறைத்துவிடும். கடற்கரையில் நிற்கும் மனிதரின் பார்வை ஏறத்தாழ 5 கிலோமீட்டரிலேயே தொடுவானத்தை முட்டும். 950 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கோ தொடுவானம் 110 கிலோமீட்டருக்கு அப்பால் விலகிவிடும். அகில இந்திய வானொலியின் பண்பலை நிலையம் ஒன்று கொடைக்கானல் மலைமேல் அமைந்து, அடிவாரத்து மாவட்டங்கள் பலவற்றுக்குக் கேட்பதும் இக்கணக்கினாலேயே. பணமுடையார் மின்னாற்றலைப் பெருக்கலாம், கோபுரம் எழுப்பலாம். அஃது இல்லாதவர் தம் கால்களால் உயரத்தை ஈட்டலாம். மலையுச்சியில் நிற்கும் எளிய கருவி, பள்ளத்தில் நிற்கும் வலிய கருவியை வென்றுவிடும். அமெச்சூர்கள் மலையை நாடியதற்கு முதற் காரணம் இதுவே.

ஆனால் கருவியைச் சுமந்து செல்வது நெடுங்காலம் எளிதாக இருக்கவில்லை. அமெரிக்க அமெச்சூர்கள் 1933 முதல் ஆண்டுதோறும் ஜூன் திங்களில் 'கள நாள்' கொண்டாடி, வீட்டை விட்டு வெளியே வந்து வெட்டவெளியில் நிலையம் அமைத்துப் பழகினர். பேரிடர் நேர்ந்தால் கைகொடுப்பதற்கான ஒத்திகை அது. அக்காலத்து வால்வுகளுக்கு மிகுந்த அழுத்தமுள்ள மின்கலங்கள் வேண்டும். பெட்டியோடு மின்கலத்தையும் தூக்க வேண்டும். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்ஸிஸ்டர் பிறந்த பின்னரே பாரம் படிப்படியாகக் குறைந்தது.

பாரம் குறையாத அவ்விடைக்காலத்தில், உலகின் மிக உயர்ந்த சிகரத்தில் நிகழ்ந்ததை ஈண்டு நினைவுகூர்தல் பொருந்தும். 1953 மே 29 ஆம் நாள் டென்ஸிங்கும் ஹில்லரியும் எவரெஸ்ட் உச்சியை மிதித்தனர். அவர்கள் கையில் வானொலிக் கருவி இல்லை. முகாம்களுக்கிடையே பேசச் சிறு கருவிகள் இருந்தன. அகில இந்திய வானொலி அக்குழுவினருக்கென வானிலை அறிக்கைகளை ஒலிபரப்பி வந்தது. ஆனால் உச்சியிலிருந்து உலகுக்குப் பேச வழியில்லை. இருவரும் இறங்கி வந்து வாய்மொழியாகக் கூறினர். உடன் சென்றிருந்த டைம்ஸ் பத்திரிகையின் நிருபர் விரைந்து தளமுகாமுக்கு இறங்கி, ஓட்டக்காரர் ஒருவரிடம் ஒரு தாளைக் கொடுத்தனுப்பினார். நாம்சே பஜார் என்னும் மலையூரில் இந்தியக் காவல்துறையினரின் கம்பியில்லாத் தந்தி நிலையம் ஒன்று இருந்தது. அங்கிருந்து அச்செய்தி காட்மாண்டுவுக்கும், பின்னர் லண்டனுக்கும் சென்றது. பனியின் நிலை கெட்டுவிட்டதாகவும், முயற்சி கைவிடப்பட்டதாகவும் தோன்றும்படி அது எழுதப்பட்டிருந்தது. பிறர் அறியாவண்ணம் முன்னரே வகுத்துக்கொண்ட மறைமொழி அது. சிகரம் எட்டப்பட்டது என்பதே உண்மைப் பொருள். அனுப்பிய இந்திய ஊழியர் தோல்விச் செய்தி என்று கருதியே வெற்றிச் செய்தியை அனுப்பினார் போலும்! ஜூன் 2 ஆம் நாள், எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவன்று, செய்தி உலகெங்கும் பரவியது. அன்று மாலை மலையடியில் இருந்த அக்குழுவினரே தங்கள் வெற்றியை வானொலியில் கேட்டு வியந்தனர்.

எவரெஸ்டு வீரர்களிடம் இல்லாத வாய்ப்பு இன்று விடுமுறைப் பயணியின் தோட்பையில் இருக்கின்றது. இவ்வாய்ப்பை முறைப்படுத்த, 2002 மார்ச் 2 ஆம் நாள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு திட்டம் தொடங்கப்பெற்றது. 'வானலையில் சிகரங்கள்' என்று அதன் பெயரை நாம் தமிழாக்கலாம். பின்னர் அது பல நாடுகளுக்கும் பரவியது. சிகரங்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. உயரத்திற்கேற்ப 1 முதல் 10 வரை மதிப்பெண் உண்டு. இதன் விதிகள் சில நம் சிந்தனைக்கு உரியவை.

மோட்டார் வண்டியிலிருந்து பேசலாகாது. உச்சிக்குச் செல்லும் இறுதிப் பகுதியைத் தன் உடல் முயற்சியாலேயே கடத்தல் வேண்டும். கருவிகள் அனைத்தையும் தானே சுமந்து ஏற்றல் வேண்டும். பெட்ரோலோ டீசலோ எரிக்கும் மின்னாக்கி கூடாது. மின்கலமோ கதிரவன் ஒளியோ போதும். உச்சியிலிருந்து குறித்த சிறு இறக்கத்துக்குள், பெரும்பாலும் 25 மீட்டருக்குள், நின்றே பேசுதல் வேண்டும். வீட்டில் இரவெல்லாம் எரியும் சிறு விளக்குக்குரிய 5 வாட் மின்னாற்றலே பலருக்குப் போதுமானதாய் இருக்கின்றது. சிலர் பேச்சையும் விடுத்து, மார்க்கோனி காலத்துப் புள்ளி கோடுகளையே தட்டுகின்றனர். குறைந்த ஆற்றலில் நெடுந்தூரம் செல்வதில் அதற்கு இணை அரிது.

இவை யாவும் ஏறுகிறவருக்குரிய விதிகள். வேறொரு விதி உண்டு. அதுவே இத்திட்டத்தின் உயிர்நாடி. மலையுச்சியை அடைந்தால் மட்டும் மதிப்பெண் இல்லை. அங்கிருந்து நான்கு வெவ்வேறு நிலையத்தாரோடு தொடர்பு கொண்டால்தான் மதிப்பெண். தொடர்பு என்றால் ஒரு பக்கம் கூவுவது அன்று. இருவரும் ஒருவர் அழைப்புக் குறியை மற்றவர் பெற்று, குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று எண்ணால் கூறி, கூறியது கிடைத்தது என்று ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். மழையில் நனைந்து, மூச்சிரைக்க ஏறி, குளிரில் விரல் மரத்துப்போக அழைத்தும் மறுமொழி கூற நால்வர் இல்லையெனில், அவ்வுச்சிக்குரிய மதிப்பெண் கிட்டுவதில்லை.

அந்நால்வருக்கும் இத்திட்டம் உரிய இடம் தந்திருக்கின்றது. வீட்டிலிருந்து மறுமொழி கூறுகிறவருக்கும், அச்சிகரத்திற்குரிய அதே மதிப்பெண் உண்டு. ஏறுகிறவர் ஆயிரம் மதிப்பெண் பெற்றால் அவரை 'மலையாடு' என்று பட்டமிட்டு அழைப்பர். கேட்கிறவர் ஆயிரம் பெற்றால் அவருக்கும் பட்டம் உண்டு. நம் நாட்டில் இல்லாததும், மரத்தில் தொங்கியபடியே காலங்கழிப்பதுமான ஒரு சோம்பல் விலங்கின் பெயரைச் சிரிப்போடு சூட்டுகின்றனர். சிரிப்பின் உள்ளே நன்றி இருக்கின்றது. முதுமையாலோ நோயாலோ மலையேற இயலாத ஒருவர், சாளரத்தருகே அமர்ந்து, தாம் ஒருபோதும் மிதிக்காத நூறு சிகரங்களின் காற்றிரைச்சலை நண்பர்தம் குரலோடு சேர்த்துக் கேட்கலாம். ஏறியவரின் குறிப்பேட்டில் அவர் குறியும் எழுதப்படுகின்றது. அல்பான்ஸோவின் வேட்டொலிக்கு நூறாண்டு கடந்து கிடைத்த மரியாதை இது என்று நாம் கருதுகின்றோம்.

இங்ஙனம் சுமந்து சென்று பழகிய கைக்கும், கூர்ந்து கேட்டுப் பழகிய செவிக்கும் விளையாட்டுக்கு அப்பாலும் வேலை உண்டு. இதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கின்றது. அது மலையில் நிகழ்ந்தது அன்று. கடல் சூழ்ந்த தீவில் நிகழ்ந்தது. 2004 டிசம்பரில் டில்லியைச் சார்ந்த அமெச்சூர் வானொலி அம்மையார் பாரதி பிரசாத், தம் குழுவினரோடு அந்தமான் தீவின் போர்ட் பிளேருக்குச் சென்றிருந்தார். அமெச்சூர் குரல் பல ஆண்டுகளாக எழாத அத்தீவிலிருந்து பேசி, உலகெங்கும் உள்ள அன்பர்களை மகிழ்விப்பதே பயணத்தின் நோக்கம். டிசம்பர் 26 ஆம் நாள் நிலம் நடுங்கியது, கடல் பொங்கியது. தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. தங்கியிருந்த விடுதியிலேயே அம்மையார் கருவியை மீண்டும் அமைத்தார். மகிழ்ச்சிக்காக எடுத்துச் சென்ற அக்கருவி, அன்று தீவுக்கும் தாய்நாட்டுக்கும் இடையே பாலமாயிற்று. இன்னார் உயிரோடு இருக்கின்றார் என்னும் சொல் அதன் வழியே கரை சேர்ந்தது.

போர்ட் பிளேரில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன என்பதை வெளிமாநிலத் தமிழர் அறிவர். தொலைவில் இருக்கும் மகனோ மகளோ நலம் என்னும் ஒரு சொல்லுக்கு எவ்வளவு விலை என்பதனை நம்மினும் நன்கறிந்தோர் யார்? அச்சொல்லை அனுப்பியவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கின்றோம். கரையில் இரவுபகல் பாராது அமர்ந்து அதனைக் கேட்டு எழுதி, உரியவரிடம் சேர்த்த பெயரறியா அமெச்சூர்களுக்கும் அதே அளவு கடமைப்பட்டிருக்கின்றோம்.

இம்முயற்சியில் ஈடுபட விரும்பும் நேயர்கள் ஒன்றை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். நம் நாட்டில் உரிமம் இன்றி ஒரு சொல்லையும் அலைபரப்பலாகாது. பன்னிரண்டு வயது நிரம்பியவர் எவரும் மத்திய அரசின் தகவல் தொடர்பு அமைச்சகத்தின் தேர்வெழுதி உரிமம் பெறலாம். இந்திய அமெச்சூர்களின் அழைப்புக் குறிகள் பெரும்பாலும் 'வி.யு.' என்னும் எழுத்துக்களோடு தொடங்கும். நாம் வாழும் ஊர்களுக்கு அருகிலேயே சஹ்யாத்ரி, ஆரவல்லி, விந்தியம் என மலைகள் உள்ளன. எல்லைப்புற மலைகளிலும் காப்புக்காடுகளிலும் உரிய அனுமதி பெற்ற பின்னரே செல்லுதல் முறை. அமெச்சூர்களுக்கென ஒதுக்கிய சிற்றலைப் பகுதியில் செவி கொடுத்துப் பழகுவதே இக்கலையின் அரிச்சுவடி.

சிகரத்தில் இருப்பவர் தம் கருவியைக் கட்டுமுன் ஒரு வழக்கத்தைக் கடைப்பிடிப்பார். 'வேறு எவரேனும் உளரோ?' என்று இறுதியாக ஒருமுறை கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருப்பார். இரைச்சலுக்கு அடியில் மெல்லிய குரல் ஏதேனும் தம்மை அழைக்கின்றதா என்று உற்றுக் கேட்பார். ஒருவரையும் விட்டுவிட்டு இறங்கலாகாது என்பது அவர் கருத்து. அவ்வளவு உயரம் ஏறி வந்தது பேசுவதற்கு மட்டும் அன்று என்பதற்கு அந்தச் சிறுபொழுதின் மௌனமே சான்று.